புகை தெரியாத புகைபோக்கிகள்

வாசிக்கும் முன் சிந்திக்க:
1. உங்கள் பள்ளிக் கட்டடத்தில் எந்தெந்தக் கருவிகள் மின்சாரத்தைப் பயன்படுத்துகின்றன? அவற்றுள் மிகுதியாகப் பயன்படுத்துவது எது?
2. ஒரு கட்டடம் ‘பசுமையானது’ என்பதை அதன் தோற்றத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியுமா?

புகை என்றதும் தொழிற்சாலைப் புகைபோக்கியும் சாலையில் உறுமிச் செல்லும் லாரியும் நினைவுக்கு வருகின்றன. நகரின் நடுவே பளபளக்கும் கண்ணாடி மாளிகையை யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அதன் கூரையிலிருந்து கரும்புகை எழுவதில்லை. உள்ளே நுழைந்தால் குளிர்ந்த காற்றும் தூய்மையான தரையும் வரவேற்கின்றன. ஆயினும், நியூயார்க் நகரம் வெளியேற்றும் பசுமை இல்ல வாயுக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கட்டடங்களால்தான் ஏற்படுகிறது. சிங்கப்பூரில் நாட்டின் மொத்த வெளியேற்றத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கட்டடங்களுக்கு உரியது.

இரண்டு நகரங்களுக்கும் இடையே ஏன் இந்த வேறுபாடு? நியூயார்க்கில் பெரிய ஆலைகள் குறைவு. குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்க அங்கு ஏராளமான கட்டடங்கள் எரிவாயுவையும் எண்ணெயையும் எரிக்கின்றன. சிங்கப்பூரிலோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் உள்ளன. எனவே, மொத்தக் கணக்கில் கட்டடங்களின் பங்கு சிறியதாகத் தெரிகிறது. பங்கு மாறினாலும் கேள்வி ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியாத இந்த வாயுவை எப்படி அளப்பது? அளக்க முடியாத ஒன்றைக் குறைப்பதாக உறுதி கூறுவது எளிது. அந்த உறுதி நிறைவேறியதா என்று சரிபார்ப்பது கடினம்.

வாயு வெளியேறும் மூன்று வழிகள்

ஒரு பெரிய கட்டடத்திலிருந்து பசுமை இல்ல வாயுக்கள் மூன்று வழிகளில் வெளியேறுகின்றன.

முதலாவது, கட்டடத்திலேயே எரிபொருளை எரிப்பது. குளிர் நாடுகளில் கொதிகலன்கள் எரிவாயுவை எரிக்கின்றன. வெப்ப நாடுகளில் உணவகங்களின் அடுப்புகளும், மின்தடை ஏற்படும்போது இயங்கும் டீசல் மின்னாக்கிகளும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவது, மின்சாரம். விளக்கு எரியும் அறையில் புகை இல்லை. ஆனால், அந்த மின்சாரத்தை உருவாக்கிய மின்நிலையத்தில் எரிபொருள் எரிந்திருக்கிறது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. அங்கு ஒரு கிலோவாட் மணி மின்சாரத்தைப் பயன்படுத்தினால், மின்நிலையத்தில் சுமார் 0.4 கிலோகிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. புகை ஓரிடத்தில் எழுகிறது. அதற்குக் காரணம் வேறோர் இடத்தில் இருக்கிறது.

மூன்றாவது வழியைப் பலர் மறந்துவிடுவர். குளிர்சாதன இயந்திரங்களுக்குள் ஓடும் குளிர்பொருள் கசிவதே அது. ‘ஆர்-134ஏ’ எனப்படும் குளிர்பொருள் ஒரு கிலோகிராம் கசிந்தால், அது நூறு ஆண்டுக் காலத்தில் சுமார் 1,300 கிலோகிராம் கரியமில வாயுவுக்கு ஈடான வெப்பத்தைப் பிடித்து வைக்கும். எனவே, சிறிய கசிவையும் சிறியதென்று ஒதுக்கிவிட முடியாது.

வெவ்வேறு வாயுக்கள் வெவ்வேறு வலிமை உடையவை. அவற்றை ஒரே தராசில் நிறுத்துவதற்காக, எல்லாவற்றையும் ‘கரியமில வாயுவுக்கு நிகரான அளவு’ என்ற பொது அலகுக்கு மாற்றுகின்றனர். பல நாட்டு நாணயங்களை ஒரே நாணயமாக மாற்றிக் கூட்டுவதைப் போன்றது இது.

ஒரு கட்டடத்தின் கணக்கு

கணக்கிடும் முறை கடினமானதன்று. எவ்வளவு பயன்படுத்தப்பட்டது என்பதை, ஓர் அலகுக்கு எவ்வளவு வாயு வெளியேறும் என்பதால் பெருக்க வேண்டும். இந்த இரண்டாவது எண்ணை ‘வெளியேற்றக் காரணி’ என்பர்.

20,000 சதுர மீட்டர் பரப்புள்ள ஓர் அலுவலகக் கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். அது ஓராண்டில் 30,00,000 கிலோவாட் மணி மின்சாரத்தைப் பயன்படுத்துகிறது. அதன் மின்னாக்கி 2,000 லிட்டர் டீசலை எரிக்கிறது. குளிர்சாதனத்திலிருந்து 10 கிலோகிராம் ஆர்-134ஏ கசிகிறது.

மின்சாரம்: 30,00,000 × 0.4 கிலோகிராம் = 1,200 டன்
டீசல்: 2,000 × 2.7 கிலோகிராம் = 5.4 டன்
குளிர்பொருள்: 10 × 1,300 கிலோகிராம் = 13 டன்
மொத்தம்: 1,218.4 டன்

இந்த எடுத்துக்காட்டில் ஓர் உண்மை தெளிவாகிறது. சத்தத்தோடும் புகையோடும் இயங்கும் டீசல் மின்னாக்கியைவிட, ஓசையின்றிக் கசிந்த 10 கிலோகிராம் குளிர்பொருள் இரண்டு மடங்குக்கும் மேலான பாதிப்பை ஏற்படுத்துகிறது. இவ்விரண்டையும்விட மின்சாரத்தின் பங்கு மிகப் பெரியது. வெப்ப நாடுகளில் அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு குளிரூட்டுவதற்கே செலவாகிறது.

மொத்த எண் மட்டும் போதாது. பெரிய கட்டடம் சிறிய கட்டடத்தைவிட அதிகம் பயன்படுத்துவது இயல்பே. நியாயமாக ஒப்பிட, மொத்தத்தைப் பரப்பளவால் வகுக்க வேண்டும். மேற்கண்ட கட்டடம் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுதோறும் 150 கிலோவாட் மணி மின்சாரத்தைப் பயன்படுத்துகிறது. சுமார் 61 கிலோகிராம் வாயுவை வெளியேற்றுகிறது. இப்போது இதை மற்ற அலுவலகக் கட்டடங்களோடு ஒப்பிடலாம். மருத்துவமனையோடு ஒப்பிடக்கூடாது; மருத்துவமனை இரவும் பகலும் இயங்குகிறது.

எண்கள் தடுமாறும் இடங்கள்

பெருக்கல் எளிது, பெருக்க வேண்டிய எண்களைத் திரட்டுவதுதான் கடினம். ஒரு கடைத்தொகுதியில் இருநூறு கடைகள் இருந்தால், ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி மின்அளவி இருக்கலாம். கட்டட உரிமையாளருக்குப் பொதுப் பகுதிகளின் கட்டணம் மட்டுமே தெரியும். வாடகைதாரர்களின் பயன்பாட்டைச் சேர்க்காவிட்டால், கணக்கில் பாதிக் கட்டடம் காணாமற்போய்விடும்.

சில கட்டடங்கள் குளிர்ந்த நீரை வெளியிலிருந்து குழாய் வழியாக வாங்குகின்றன. சிங்கப்பூரின் மரினா பே வட்டாரத்தில், நிலத்தடியில் அமைந்த மையக் குளிரூட்டும் நிலையம் பல கட்டடங்களுக்குக் குளிர்ந்த நீரை அனுப்புகிறது. அத்தகைய கட்டடத்தின் மின்கட்டணம் குறைவாகவே இருக்கும். வாங்கிய குளிர்ந்த நீரையும் கணக்கில் சேர்த்தால்தான் உண்மை நிலை புலப்படும்.

ஆளில்லாத கட்டடமும் கணக்கை ஏமாற்றும். 2020ஆம் ஆண்டில் கொவிட்-19 பரவியபோது உலகின் பல அலுவலகங்கள் வெறிச்சோடின; அவற்றின் மின்பயன்பாடும் குறைந்தது. அதைச் சிக்கனத்தின் வெற்றி என்று கூற முடியாது. ஆகவே, எத்தனை பேர் வேலை செய்கின்றனர், எத்தனை மணி நேரம் கட்டடம் திறந்திருக்கிறது என்பவற்றையும் பதிவு செய்ய வேண்டும்.

மின்நிலையத்தில் ஏற்படும் மாற்றமும் கட்டடத்தின் கணக்கை மாற்றும். நியூயார்க்கிற்கு மின்சாரம் அளித்துவந்த இந்தியன் பாயின்ட் அணுமின் நிலையம் 2021இல் மூடப்பட்டது. அதன் இடத்தை எரிவாயு மின்நிலையங்கள் பெருமளவு நிரப்பின. கட்டடங்களில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, அவை பயன்படுத்திய ஒவ்வோர் அலகு மின்சாரத்தின் பின்னாலும் இருந்த வெளியேற்றம் கூடியது.

நியூயார்க்: தோற்றமும் உண்மையும்

பெரிய கட்டடங்களின் ஆற்றல் பயன்பாட்டை ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும் என்று நியூயார்க் நகரம் 2009இல் சட்டம் இயற்றியது. 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு முதலில் இச்சட்டம் பொருந்தியது. பின்னர் அந்த வரம்பு 25,000 சதுர அடியாக, அதாவது சுமார் 2,300 சதுர மீட்டராகக் குறைக்கப்பட்டது. விவரங்களைப் பதிவு செய்தால், அதே வகைக் கட்டடங்களோடு ஒப்பிட்டு 1 முதல் 100 வரை மதிப்பெண் கிடைக்கும். 75 மதிப்பெண் பெற்ற கட்டடம், அதைப் போன்ற கட்டடங்களில் நான்கில் மூன்று பங்கைவிடச் சிக்கனமானது என்று பொருள்.

2012இல் அலுவலகக் கட்டடங்களின் மதிப்பெண்கள் வெளிவந்தபோது பலர் வியந்தனர். 1930இல் கட்டி முடிக்கப்பட்ட கிரைஸ்லர் கட்டடம் 84 மதிப்பெண்கள் பெற்றது. 1931இல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடம் 80 மதிப்பெண்கள் பெற்றது. 2006இல் திறக்கப்பட்டு, பசுமைக் கட்டடம் என்ற தங்கச் சான்றிதழும் பெற்ற ‘7 உலக வர்த்தக மையம்’ 74 மதிப்பெண்களில் நின்றது. நவீனக் கட்டடக் கலையின் சிகரங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் சீக்ரம் கட்டடத்துக்குக் கிடைத்தது வெறும் 3 மதிப்பெண்.

இதற்குக் காரணங்கள் உண்டு. பழைய கட்டடங்களுக்குத் தடித்த சுவர்களும் சிறிய சன்னல்களும் இருந்தன. அவ்விரு பழைய கட்டடங்களும் அண்மையில் பழுதுபார்க்கப்பட்டு மேம்படுத்தப்பட்டிருந்தன. 1958இல் எழுந்த சீக்ரம் கட்டடமோ ஒற்றைக் கண்ணாடிச் சுவர்களால் ஆனது. ஒற்றைக் கண்ணாடி வெயிலையும் தடுக்காது, குளிரையும் தடுக்காது. அழகு ஒன்று, சிக்கனம் மற்றொன்று என்பதை அந்த எண்கள் காட்டின. கட்டும்போது பெறும் சான்றிதழ் ஒரு தொடக்கம் மட்டுமே. நாள்தோறும் கட்டடம் எப்படி இயக்கப்படுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேம்பாடு நல்ல எடுத்துக்காட்டு. அதன் 6,514 சன்னல்களும் கழற்றப்பட்டன. அவற்றைக் குப்பையில் எறியாமல், கட்டடத்திலேயே ஒரு பட்டறை அமைத்து, வெப்பத்தைத் தடுக்கும் படலத்தை இடையில் பொருத்தி மீண்டும் மாட்டினர். வெப்பமூட்டிகளுக்குப் பின்னால் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் தடுப்புகளை வைத்தனர். இதனால் கட்டடத்தின் குளிரூட்டும் தேவையே குறைந்தது. தேவை குறைந்ததால், புதிய பெரிய குளிரூட்டும் இயந்திரங்களை வாங்காமல், இருந்தவற்றையே புதுப்பிக்க முடிந்தது. ஆற்றல் பயன்பாட்டை 38 விழுக்காடு குறைப்பது இத்திட்டத்தின் இலக்காக இருந்தது. முதலில் தேவையைக் குறை, பிறகு கருவியைத் தேர்ந்தெடு என்ற வரிசையே அதற்கு அடிப்படையாக அமைந்தது.

2020 முதல் நியூயார்க்கின் பெரிய கட்டடங்கள் தங்கள் தரத்தை ‘ஏ’, ‘பி’, ‘சி’, ‘டி’ என எழுத்துகளில் நுழைவாயிலருகே ஒட்டிவைக்க வேண்டும் என்ற விதி வந்தது. விவரங்களைத் தராத கட்டடத்துக்கு ‘எஃப்’ கிடைக்கும். அதுவரை கோப்புக்குள் கிடந்த எண், வாசலில் நிற்கும் வாடகைதாரரின் கண்ணில் பட்டது.

எண் கடமையாகும்போது

பதிவு செய்வது ஒரு படி. குறைப்பது அடுத்த படி. நியூயார்க் நகரமன்றம் 2019இல் மற்றொரு சட்டத்தை நிறைவேற்றியது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்கள் வெளியேற்றக்கூடிய வாயுவுக்கு இச்சட்டம் உச்சவரம்பு விதித்தது. வரம்பு 2024இல் தொடங்கியது. 2030இல் மேலும் கடுமையாகும். வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் ஆண்டுக்கு 268 அமெரிக்க டாலர் தண்டம். ஒரு கட்டடம் 100 டன் தாண்டினால் 26,800 டாலர் செலுத்த வேண்டும்.

இச்சட்டத்தை எல்லாரும் வரவேற்கவில்லை. பெரிய நிறுவனங்களின் கோபுரங்கள் மட்டுமன்றி, நடுத்தர வருமானக் குடும்பங்கள் வாழும் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இச்சட்டத்தின்கீழ் வந்தன. பழைய கொதிகலனை மாற்றப் பெரும்பணம் தேவை. அந்தச் செலவு இறுதியில் குடியிருப்போரின் மாதக் கட்டணத்தில்தான் சேரும். 2022இல் சில குடியிருப்புகளின் தரப்பில் இச்சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுக்கப்பட்டது. காலநிலை பற்றிய மாநிலச் சட்டம் இருக்கும்போது நகரம் தனிச்சட்டம் இயற்ற முடியாது என்பது அவர்களின் வாதங்களுள் ஒன்று. மாநிலச் சட்டம் நகரச் சட்டத்துக்குத் தடையில்லை என்று மாநிலத்தின் உச்சநிலை நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது.

வழக்கு முடிந்தாலும் அதன் பின்னாலிருந்த கேள்வி முடியவில்லை. காற்று எல்லாருக்கும் பொது. அதைக் காக்கும் செலவை யார் ஏற்பது? வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பல குடியிருப்புகளுக்கும் வழிபாட்டு இடங்களுக்கும் சட்டம் எளிய மாற்று வழி ஒன்றைத் தந்துள்ளது. குழாய்களுக்கு வெப்பக் காப்பு இடுதல், கசிவுகளைச் சரிசெய்தல் போன்ற பணிகளைச் செய்துமுடித்தால் போதும். சரியான அளவீடு இருந்தால்தான் இத்தகைய நியாயமான வேறுபாடுகளையும் செய்ய முடியும்.

தோக்கியோ நகரம் வேறொரு வழியில் சென்றது. பெரிய கட்டடங்களும் ஆலைகளும் தங்கள் வெளியேற்றத்தை அறிக்கையிடும் முறை 2002இல் அங்குத் தொடங்கியது. 2010இல் உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. இலக்கைவிட அதிகமாகக் குறைத்த கட்டடம், மிச்சத்தைக் குறைக்க இயலாத மற்றொன்றுக்கு விற்கலாம். விற்பனை என்று வந்துவிட்டால் எடைக்கல் சரியாக இருக்க வேண்டுமல்லவா? அதனால், கட்டட உரிமையாளர் தரும் எண்களை வெளியாள் ஒருவர் சரிபார்ப்பது கட்டாயமாக்கப்பட்டது.

சிங்கப்பூரின் பாதை

சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் 2005இல் ‘கிரீன் மார்க்’ என்னும் பசுமைச் சான்றிதழ்த் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர், கட்டட உரிமையாளர்கள் ஆற்றல் பயன்பாட்டு விவரங்களை ஆண்டுதோறும் ஆணையத்திடம் அளிப்பது சட்டப்படி கட்டாயமானது. 2014 முதல் ஆணையம் இவ்விவரங்களைத் தொகுத்து ஒப்பீட்டு அறிக்கைகளை வெளியிட்டு வருகிறது.

2030ஆம் ஆண்டுக்குள் எட்ட வேண்டிய மூன்று இலக்குகள் ‘80-80-80’ எனச் சுருக்கமாக அழைக்கப்படுகின்றன. மொத்தக் கட்டடப் பரப்பில் 80 விழுக்காடு பசுமைத் தரத்தை எட்ட வேண்டும். 2030 முதல் புதிய கட்டடங்களில் 80 விழுக்காடு மிகக் குறைந்த ஆற்றல் கட்டடங்களாக இருக்க வேண்டும். தலைசிறந்த பசுமைக் கட்டடங்களின் ஆற்றல் சிக்கனம் 2005ஆம் ஆண்டின் நிலையைவிட 80 விழுக்காடு மேம்பட வேண்டும்.

ஆற்றலை அளவுக்கு மீறிப் பயன்படுத்தும் பெரிய கட்டடங்கள் தணிக்கை செய்து தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் 2024இல் நிறைவேற்றியது. ஆண்டுதோறும் சேர்ந்த விவரங்கள் இல்லாதிருந்தால், எந்தக் கட்டடம் அளவுக்கு மீறியது என்று சுட்டிக்காட்டவே முடிந்திராது.

மின்அளவி சொல்லும் செய்தி

இவ்வளவு பெரிய முயற்சியில் ஒரு மாணவரின் பங்கு என்ன? கட்டடங்களை மேலாண்மை செய்வோர் முதலில் பார்க்கும் எண்களுள் ஒன்று இரவுநேர மின்பயன்பாடு. ஆளில்லாத நள்ளிரவிலும் மின்அளவி வேகமாக ஓடினால், எங்கோ ஒரு குளிர்சாதனமோ, விளக்கு வரிசையோ, காற்றோட்ட விசிறியோ யாருக்கும் பயனின்றி இயங்குகிறது என்று பொருள். அதை நிறுத்தப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. கவனித்துப் பார்க்க ஒருவர் வேண்டும், அவ்வளவே.

பள்ளிக்கும் மின்அளவி உண்டு. வார நாள், வார இறுதி, பள்ளி விடுமுறை ஆகிய மூன்று காலங்களின் பயன்பாட்டை ஒப்பிட்டால், வகுப்பறைக் கணக்குப் பாடமே ஒரு தணிக்கையாகிவிடும். விடுமுறையில் பயன்பாடு பாதியாகக்கூடக் குறையவில்லை என்றால், ‘ஏன்?’ என்று கேட்க அந்த எண் இடமளிக்கிறது.

வானத்தில் கலந்த வாயுவைக் கையால் பிடித்து எண்ண முடியாது. ஆனால், அது எந்தக் கட்டடத்தின் பொருட்டு வெளியேறியது, எவ்வளவு வெளியேறியது, சென்ற ஆண்டைவிடக் குறைந்ததா என்று கணக்கு வைத்துக்கொள்ள முடியும். நகரங்கள் இப்போது செய்துவருவது அதைத்தான். கணக்கு சரியாக இருந்தால், கொடுத்த வாக்கு காக்கப்பட்டதா என்பதைப் பொதுமக்களே பார்த்துக்கொள்ளலாம்.

அருஞ்சொற்பொருள்

வெளியேற்றக் காரணி – ஓர் அலகு ஆற்றலைப் பயன்படுத்தும்போது வெளியேறும் வாயுவின் அளவு
தணிக்கை – கணக்கையோ பயன்பாட்டையோ முறையாக ஆராய்ந்து சரிபார்த்தல்
உச்சவரம்பு – தாண்டக்கூடாத மிக உயர்ந்த அளவு
தண்டம் – விதியை மீறியதற்காகச் செலுத்த வேண்டிய தொகை
வெறிச்சோடுதல் – ஆள் நடமாட்டமின்றிக் காணப்படுதல்

கருத்தறிதல்

1. கட்டடங்களிலிருந்து பசுமை இல்ல வாயுக்கள் வெளியேறும் மூன்று வழிகளை உங்கள் சொந்த வாக்கியங்களில் எழுதுக.
2. 2020ஆம் ஆண்டில் அலுவலகங்களின் மின்பயன்பாடு குறைந்ததைச் சிக்கனத்தின் வெற்றியாகக் கருத முடியாதது ஏன்?
3. ‘அழகு ஒன்று, சிக்கனம் மற்றொன்று’ என்ற கருத்தை இப்பகுதியில் உள்ள சான்றுகளைக் கொண்டு விளக்குக.
4. 40,000 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கட்டடம் ஓராண்டில் 50,00,000 கிலோவாட் மணி மின்சாரத்தைப் பயன்படுத்துகிறது. ஒரு சதுர மீட்டருக்கான பயன்பாட்டைக் கணக்கிட்டு, பகுதியில் உள்ள எடுத்துக்காட்டுக் கட்டடத்தோடு ஒப்பிடுக.
5. பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளை மேம்படுத்தும் செலவை யார் ஏற்க வேண்டும்? உரிமையாளர், குடியிருப்போர், அரசாங்கம் ஆகிய மூன்று தரப்பினரின் நிலைகளையும் கருத்தில்கொண்டு குழுவில் கலந்துரையாடுக.